பென்சிலும் கடிகாரமும்: புதிர்ப் பந்தயங்களை எழுத்தில் வடிப்போர்

கிரிக்கெட் ஆட்டத்தைப் பற்றி எழுதப் புகும் நிருபருக்கு அத்துணைக் கவலை இல்லை. பந்து எல்லைக் கோட்டைத் தாண்டுகிறது, கூட்டம் ஆரவாரிக்கிறது, ஆட்டக்காரர் மட்டையை உயர்த்தி வணங்குகிறார். கண்டதைக் கண்டவாறு எழுதினாலே கட்டுரையில் பாதி முடிந்துவிடும். ஆனால், பெரியதொரு கூடத்தில் சில நூறு பேர் வரிசையாக அமர்ந்து, தலை நிமிராமல், பென்சிலால் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருக்கும் காட்சியை எவ்வாறு எழுதுவது? அங்கே ஓட்டமில்லை; பாய்ச்சலில்லை; ஆரவாரமும் இல்லை. நடப்பதெல்லாம் நெற்றிக்குப் பின்னால் நடக்கிறது. வெளியே தெரிவது கடிகார முள் ஒன்றுதான்.

இத்தகைய புதிர்ப் பந்தயங்களைப் பற்றிச் சென்ற கால் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் பல நூல்கள் வெளிவந்துள்ளன. அவை கதைகள் அல்ல. நடந்ததை நடந்தவாறு கூறும் உண்மை நூல்கள். கண்ணுக்குப் புலப்படாத ஒரு போராட்டத்தை அவற்றின் ஆசிரியர்கள் எந்த வழியில் நமக்குக் காட்டினார்கள் என்பதை ஆராய்வது சுவையான முயற்சி. எழுத்தில் ஆர்வமுள்ள நம் குடும்பத்து இளைஞர்களுக்கு அது பயனும் தரும்.

பந்தயம் பிறந்த வரலாறு

முதலில் பந்தயங்களின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். இன்று நாம் அறிந்த குறுக்கெழுத்துப் புதிர் 1913-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் ‘நியூயார்க் வோர்ல்டு’ என்னும் பத்திரிகையில் முதன்முதலாக வெளிவந்தது. அதனை அமைத்தவர் ஆர்தர் வின் என்பவர். தனிமையில் காலைக் காப்பியுடன் நிரப்பப்பட்டு வந்த அந்தப் புதிரைக் கடிகாரத்தின் முன் வைத்துப் பந்தயமாக்கும் எண்ணம் பிற்காலத்தில்தான் வேரூன்றியது. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த ஸ்டாம்போர்டு நகரில் 1978-இல் வில் ஷார்ட்ஸ் என்பவர் தொடங்கிய குறுக்கெழுத்துப் பந்தயம் இன்றளவும் நடந்து வருகிறது. இவர் புதிர்க் கலையையே பாடமாக அமைத்துக்கொண்டு இந்தியானா பல்கலைக்கழகத்தில் 1974-இல் பட்டம் பெற்றவர். 1993 முதல் ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையின் குறுக்கெழுத்துப் பகுதிக்கு ஆசிரியராகப் பொறுப்பேற்றவர்.

மொழி தெரியாதவரும் கலந்துகொள்ளத்தக்க தருக்கப் புதிர்களுக்கான உலகப் போட்டி 1992-இல் நியூயார்க்கில் தொடங்கிற்று. சுடோக்குவுக்கான உலகப் போட்டி 2006-இல் இத்தாலியிலுள்ள லூக்கா நகரில் முதன்முறையாக நடைபெற்றது. இவ்விரண்டு உலகப் போட்டிகளும் 2017-ஆம் ஆண்டு நம் பெங்களூரிலேயே நடந்தன என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? பல நாட்டு வல்லுநர் அந்நகருக்கு வந்து புதிர்களை விடுவித்துச் சென்றனர். அதே நகரில் ஒரு கிரிக்கெட் பந்தயம் நடந்திருந்தால் வீதியெங்கும் அதே பேச்சாக இருந்திருக்கும்.

நீதிமன்றம் ஏறிய புதிர்

நம் நாட்டில் புதிர்ப் போட்டி பத்திரிகைக்குப் புதிதன்று. 1930-களில் ‘ஆனந்த விகடன்’ நடத்திய குறுக்கெழுத்துப் போட்டியை முதியோர் பேசக் கேட்டிருப்போம். ஆயினும் நம்மிடையே புதிரைப் பற்றிய பேச்சு, விடுவிப்போரின் திறமையைச் சுற்றி எழுந்ததைவிடப் பரிசுப் பணத்தைச் சுற்றியே மிகுதியாக எழுந்தது. நுழைவுக் கட்டணம் வாங்கிப் பெருந்தொகையைப் பரிசாக அறிவித்த போட்டிகள் பெருகியபோது, 1955-இல் பாராளுமன்றம் பரிசுப் போட்டிச் சட்டத்தை இயற்றிற்று. ஒரு மாதத்தில் அளிக்கும் பரிசின் மொத்த மதிப்பு ஆயிரம் ரூபாயைத் தாண்டலாகாது என்று அச்சட்டம் வரம்பு கட்டியது.

சட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுக்கப்பட்டது. 1957-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இன்றும் சட்டம் பயில்வோர் எடுத்துக்காட்டும் தீர்ப்பாகும். வெற்றி பெரும்பாலும் திறமையைச் சார்ந்திருக்கும் போட்டி வேறு. ஊகத்தையும் அதிர்ஷ்டத்தையும் சார்ந்திருக்கும் சூதாட்டம் வேறு. சட்டத்தின் கட்டுப்பாடு பின்னதற்கே உரியது என்று நீதிபதிகள் கண்டனர்.

நமது கட்டுரைக்கு இந்தத் தீர்ப்பு ஏன் வேண்டும்? நீதிபதிகள் எழுப்பிய வினாவும் நிருபர் எழுப்ப வேண்டிய வினாவும் ஒன்றே என்பதால்தான். இங்கே செயற்படுவது திறமையா, தற்செயலா? திறமை என்றால் அது எத்தகையது? பிறவியில் வந்ததா, பயிற்சியால் வந்ததா? வென்றவர் பெயரையும் பரிசுத் தொகையையும் மட்டும் அச்சிடும் செய்தி இவ்வினாக்களில் ஒன்றுக்கும் விடை கூறுவதில்லை. அவற்றுக்கு விடை தேடிப் புறப்பட்டவர்களே நாம் இங்குக் காணப்போகும் எழுத்தாளர்கள்.

தாமே களத்தில் இறங்கியோர்

இவர்களுக்கு வழிகாட்டி என ஒருவரைச் சொல்லலாம். ஜார்ஜ் பிளிம்ப்டன் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1963-இல் டெட்ராய்ட் லயன்ஸ் என்னும் கால்பந்துக் குழுவில் பயிற்சிக் காலத்தில் தாமும் ஒருவராகச் சேர்ந்தார். ஒத்திகை ஆட்டத்தில் சில முறை பந்தைக் கையாளும் வாய்ப்புப் பெற்றார். குழு முன்னேறுவதற்கு மாறாகப் பின்னுக்குத் தள்ளப்பட்டது. அந்த அனுபவம் 1966-இல் ‘பேப்பர் லயன்’ என்ற நூலாயிற்று. பார்வையாளர் இருக்கையிலிருந்து காண முடியாதவை, களத்துக்குள் கால் வைத்ததும் அவருக்குப் புலப்பட்டன.

உடலால் ஆடும் ஆட்டத்துக்கே இம்முறை இத்துணை உதவுமானால், மூளையால் ஆடும் ஆட்டத்துக்குச் சொல்லவும் வேண்டுமோ? பிறர் மூளைக்குள் எட்டிப் பார்க்க இயலாது; தம் மூளைக்குள் நடப்பதையேனும் எழுத்தாளர் காணலாம் அல்லவா?

ஸ்டெஃபன் ஃபாட்சிஸ் என்பவர் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ நாளிதழில் விளையாட்டுத் துறைச் செய்திகளை எழுதி வந்தவர். அவர் ஸ்கிராபிள் ஆட்டக்காரரின் உலகைப் பற்றி எழுத முற்பட்டுத் தாமே அவ்வுலகின் குடிமகனாகிவிட்டார். நூறு எழுத்துக் கட்டைகளும், பக்கத்துக்குப் பதினைந்து கட்டங்கள் கொண்ட பலகையும்தாம் அவ்வாட்டத்தின் கருவிகள். வீட்டில் பொழுதுபோக்காக ஆடுவோர் அழகிய சொற்களைத் தேடுவர். பந்தயக்காரரோ சொற்பட்டியல்களை மாதக்கணக்கில் மனப்பாடம் செய்கின்றனர். பொருளைப் பற்றி அவர்களிற் பலருக்குக் கவலை இல்லை. ஏழு எழுத்துகளையும் ஒருங்கே வைத்தால் ஐம்பது புள்ளிகள் கூடுதலாகக் கிடைக்கும்; ஆதலால் எழுத்துகளை நொடியில் இடம் மாற்றிச் சொல்லாக்கும் பழக்கமே அவர்களுக்கு உயிர்.

ஃபாட்சிஸ் 2001-இல் வெளியிட்ட ‘வேர்ட் ஃபிரீக்’ என்ற நூலில் இந்த ஆட்டக்காரரை நேருக்கு நேர் சந்திக்கிறோம். நிலையான வேலை இல்லாதவர், உடல்நலம் குன்றியவர், மருந்து மாத்திரைகளில் நினைவாற்றலைத் தேடுபவர் எனப் பலர் அங்கே வருகின்றனர். வெளியுலகம் அவர்களைக் கிறுக்கர் என்று ஒரே சொல்லால் தள்ளிவிடக்கூடும். ஃபாட்சிஸ் அவ்வாறு தள்ளவில்லை. அவர்களோடு தங்கி, அவர்களிடம் தோற்று, அவர்களைப் போலவே பட்டியல்களை உருப்போட்டு, வல்லுநர் வரிசையை எட்டிப் பிடித்தார். ஆகவே நகைப்புக்கு இடமான ஒரு செய்கையைச் சொல்லும்போதுகூட அந்நகைப்பில் அவரும் பங்காளி ஆகிறார். எழுத்தாளருக்கும் எழுதப்படுவோருக்கும் இடையே நியாயம் நிலைத்தது இதனால்தான்.

மறதியை வென்ற நிருபர்

இரண்டாமவர் ஜோஷுவா ஃபோயர். 2005-இல் நடந்த அமெரிக்க நினைவாற்றல் போட்டியைப் பற்றிச் செய்தி எழுதச் சென்றவர் இவர். சீட்டுக்கட்டின் வரிசையையும், நூற்றுக்கணக்கான எண்களையும், அறிமுகமில்லாதோரின் பெயர்களையும் முகங்களையும் சில நிமிடங்களில் மனத்தில் பதித்து ஒப்பிப்போரை அங்கே கண்டார். ‘இவர்கள் பிறவி மேதைகள்’ என்று எழுதிவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஆனால், போட்டியாளர்களோ, ‘எங்களிடம் தனிச் சிறப்பு ஒன்றுமில்லை; எவரும் பயிலலாம்’ என்றே கூறினர். அக்கூற்று மெய்யா என்று சோதிக்க ஒரே வழிதான் இருந்தது. ஃபோயர் பயிற்சியில் இறங்கினார்.

அவர் கற்ற முறை மிகப் பழையது. நன்கு தெரிந்த ஒரு வீட்டை மனக்கண்ணில் நிறுத்தி, நினைவில் வைக்க வேண்டியவற்றை அதன் வாயில், கூடம், மாடிப்படி எனும் இடங்களில் வேடிக்கையான உருவங்களாக வைத்துச் செல்வது. பின்னர் அவ்வீட்டினூடே மனத்தால் நடந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வது. கிரேக்கக் கவிஞர் சிமோனிடீஸ் கண்ட வழி என மேனாட்டார் இதனைப் போற்றுவர். வெளியோசை காதில் விழாதிருக்கக் காதுறையும், பார்வை சிதறாதிருக்கக் கருப்புப் பூசிய கண்ணாடியும் அணிந்து அவர் பெற்றோர் வீட்டு நிலவறையில் நாள்தோறும் பயின்றார். மறு ஆண்டு, 2006-இல், அதே போட்டியில் ஐம்பத்திரண்டு சீட்டுகளின் வரிசையை ஒரு நிமிடம் நாற்பது விநாடியில் மனத்தில் பதித்து, பட்டத்தையும் வென்றார்!

இக்கதை 2011-இல் நூலாக வந்தது. அதில் மிகவும் போற்றத்தக்க பகுதி வெற்றியைக் கூறும் பகுதியன்று. நினைவுப் போட்டியெல்லாம் முடிந்தபின் ஓரிரவு நண்பர்களுடன் உணவருந்தச் சென்றவர், சுரங்க ரயிலில் ஏறி வீடு திரும்பினார். வீட்டுக்குள் நுழையும்போதுதான், தாம் காரில் அல்லவா சென்றோம் என்பது நினைவுக்கு வந்தது! சீட்டுகளை நினைவில் வைக்கும் பயிற்சி வேறு, அன்றாட வாழ்வின் மறதி வேறு என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் உரைக்க இயலாது. வென்றவரே தம் வெற்றியின் எல்லையை வரைந்து காட்டும்போது, நூலின் மற்றப் பகுதிகளையும் நாம் தயங்காது நம்புகிறோம்.

நமக்கு இவ்விடத்தில் அவதானக் கலை நினைவுக்கு வருவது இயல்பு. சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செயல்களில் ஒருங்கே கவனம் செலுத்தி அவையோரை வியக்க வைத்தார். அவர் பெருமையை நாம் பல மேடைகளில் கேட்டிருக்கிறோம். அந்த ஒரு நாளுக்குப் பின்னால் எத்தனை நாட்பயிற்சி இருந்தது, எந்த முறையில் அவர் மனத்தைப் பழக்கினார் என்று படிப்படியாக அறியவும் இன்றைய வாசகரின் மனம் அவாவும். ஃபோயர் போன்றோர் செய்த தொண்டு அத்தகையது. வியப்பை அவர்கள் குறைக்கவில்லை. அதற்குரிய காரணத்தைக் காட்டினார்கள்.

தோல்வியும் செய்தியே

களத்தில் இறங்குவோர் எல்லாரும் வெல்ல வேண்டும் என்பதில்லை. ஏ. ஜே. ஜேக்கப்ஸ் என்பவர் 2022-இல் வெளியிட்ட ‘தி பஸ்லர்’ என்ற நூல் பலவகைப் புதிர்களைத் தேடிச் சென்ற பயணம். படத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் கலைத்து மீண்டும் இணைக்கும் ஜிக்ஸா புதிருக்கு ஸ்பெயின் நாட்டு வயாடோலிட் நகரில் 2019-இல் உலகப் போட்டி நடந்தது. அமெரிக்காவின் சார்பில் எவரும் பதிவு செய்திருக்கவில்லை. ஜேக்கப்ஸ் விண்ணப்பித்தார், அவருடைய குடும்பமே ஒரு நாட்டின் பிரதிநிதிக் குழுவாயிற்று! ஆண்டுக்கணக்கில் பழகிய பிற நாட்டுக் குழுவினர் துண்டுகளை நிறத்தாலும் வடிவத்தாலும் நொடியில் பிரித்து அடுக்க, இவர்கள் கடைசிக்கு முந்திய இடத்தைப் பெற்றனர்.

படிக்கும்போது சிரிப்பு வருகிறது. ஆயினும் அச்சிரிப்பினூடே ஒரு செய்தி நம்மை வந்தடைகிறது. விளையாட்டுப் பொருளெனக் கருதிய ஒன்றில் முதலிடம் பெறுவோரின் வேகம் எத்தகையது என்பதைத் தோற்றவர் வாயால் கேட்கும்போதுதான் முழுவதும் உணர்கிறோம். மலையின் உயரத்தை அதில் ஏற முயன்று மூச்சு வாங்கியவனே நன்கு அறிவான்.

வெளியே நின்று காண்போர்

களத்தில் இறங்காமலும் உண்மையைக் காணலாம் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. 2006-இல் வெளிவந்த ‘வேர்ட்பிளே’ என்னும் செய்திப்படம் ஸ்டாம்போர்டுப் பந்தயத்தின் 2005-ஆம் ஆண்டு நிகழ்ச்சியைப் படம் பிடித்தது. அங்கே இறுதிச் சுற்றுக்கு வந்த மூவரும் மேடையில் ஆளுயரப் பலகைகளில் புதிரை நிரப்புவர். வருணனை காதில் விழாதபடி காதுகளை மூடியிருப்பர். அவ்வாண்டு ஒருவர் எல்லாருக்கும் முன்னதாக முடித்துவிட்டதாக அறிவித்துக் காதுறையைக் கழற்றினார். அடுத்த கணமே பலகையில் இரண்டு கட்டங்கள் வெற்றிடமாக நிற்பதைக் கண்டார். அறிவித்தபின் திருத்த இயலாது. பட்டம் இருபது வயது இளைஞரான டைலர் ஹின்மனுக்குச் சென்றது. இரண்டு வெற்றுக் கட்டங்கள் ஒருவர் முகத்தில் எழுதியதைப் படக்கருவி எழுத்துக்கு எழுத்துப் படித்துக் காட்டியது. பொறுமையுடன் முன்னரே அவர் வீட்டுக்குச் சென்று, அவர் எப்படிப்பட்டவர் என்பதைப் படம் நமக்கு அறிமுகம் செய்திருந்தமையால்தான் அக்கணம் நம் நெஞ்சைத் தொடுகிறது.

வேறு சில வேளைகளில் நிருபரின் வேலை கணக்கெடுப்பு. 2016-இல் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பழைய குறுக்கெழுத்துப் புதிர்களை ஒரே தொகுப்பாகத் திரட்டிக் கணிப்பொறியால் ஒப்பிட்டனர். அப்போது, பெரிய நிறுவனம் ஒன்றின் வாயிலாக வெளிவந்த பல புதிர்கள் வேறிடத்து முந்தைய புதிர்களை ஒத்திருப்பது வெளிப்பட்டது. அதனை ஒரு செய்தியாளர் ஐயமறச் சான்றுகளுடன் எழுதினார். புதிர் அமைப்பவருக்கும் உழைப்பு உண்டு, உரிமை உண்டு என்பதைப் பலர் அன்றுதான் எண்ணிப் பார்த்தனர்.

இங்கே ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். 2012-இல் ஆர்லண்டோவில் நடந்த அமெரிக்கத் தேசிய ஸ்கிராபிள் போட்டியில், சிறுவர் ஒருவர் வெற்றுக் கட்டைகளை மறைத்து வைத்ததற்காக வெளியேற்றப்பட்டார். ஆண்டுதோறும் நடக்கும் ஆட்டத்தை ஏறிட்டும் பாராத பத்திரிகைகள் பலவும் அந்த ஒரு செய்தியை மட்டும் ஆவலுடன் வெளியிட்டன. நேர்மையாக ஆடியவர் நூற்றுக்கணக்கானோர்; அவர்களுக்கு ஒரு வரியும் கிட்டவில்லை. அமைதியான துறைகளுக்கெல்லாம் நேரும் தீங்கு இதுவே. வழுக்கினால் மட்டும் உலகம் திரும்பிப் பார்க்கிறது.

பேசாத வீரரும் பேசும் இயந்திரமும்

நிருபருக்கு மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. நியூசிலாந்து நாட்டவரான நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு மொழி பேசத் தெரியாதவர். அவர் அம்மொழியின் சொற்பட்டியலை மனப்பாடம் செய்து 2015-இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். 2024-இல் ஸ்பானியப் பட்டத்தையும் வென்றார். ஆனால், பேட்டி கொடுப்பதில் அவருக்கு விருப்பம் இல்லை. பேசாத ஒருவரைப் பற்றி எழுதுவோர் என் செய்வது? அவர் வைத்த கட்டைகளையும், எதிர்த்து ஆடியவர் கூறியவற்றையும் கொண்டே எழுத வேண்டும். சொல்லாததைச் சொன்னதாக இட்டு நிரப்பும் ஆசையை அடக்குவதே அங்கு எழுத்தாளருக்கு வைக்கப்படும் சோதனை.

2021-இல் மற்றொரு திருப்பம் நேர்ந்தது. ‘டாக்டர் ஃபில்’ என்ற கணிப்பொறி நிரல் அமெரிக்கக் குறுக்கெழுத்துப் பந்தயத்தில் மனிதர் அனைவரையும் புள்ளிக் கணக்கில் விஞ்சியது. 2012-இல் அது முதன்முதலாகக் கலந்துகொண்டபோது பெற்ற இடம் நூற்று நாற்பத்தொன்று. இனி மனிதர் பந்தயத்துக்கு என்ன பொருள் என்று சிலர் வினவினர். மோட்டார் வண்டி வந்தபின்பும் ஓட்டப் பந்தயம் நின்றுவிடவில்லையே! இயந்திரத்துக்குப் பரபரப்பு இல்லை. இரண்டு கட்டங்களை விட்டுவிட்டோமே என்னும் வேதனையும் இல்லை. எழுத்தாளர் தேடிச் செல்வது விடையை அன்று. விடை தேடும் மனிதரை.

நாம் கொள்ளத்தக்கது

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கினால் இவ்வெழுத்தாளர்களின் வழி தெளிவாகும். ஆட்டத்தின் விதியை அறியாதவருக்கும் எளிதில் விளக்கினர். பரிசைக் காட்டிலும் பயிற்சியை விரிவாக எழுதினர். தோற்றவரிடமும் சென்று பேசினர். வியப்பூட்டும் கூற்றுகளை அப்படியே ஏற்காமல் சோதித்தனர். எவரையும் காட்சிப் பொருளாக்கவில்லை.

நம் சங்கங்களின் ஆண்டு விழாக்களில் குறள் ஒப்பித்தல், பேச்சுப் போட்டி, சொல் விளையாட்டு ஆகியன ஆண்டு தவறாது நடைபெறுகின்றன. அறிக்கையில் நாம் அச்சிடுவது முதற் பரிசு, இரண்டாம் பரிசு என்ற பட்டியலை மட்டுமே. பள்ளியில் இந்தியோ, மராத்தியோ, வங்கமோ பேசிவிட்டு வீடு திரும்பும் ஒரு குழந்தை, ஐம்பது குறளை எவ்வாறு நெஞ்சில் இருத்திற்று? ழகரத்தை நாவுக்குப் பழக்கியவர் தாயா, பாட்டியா? பரிசு பெறாமல் திரும்பிய குழந்தை மறு ஆண்டும் வந்ததா? பட்டியல் இவற்றைக் கூறாது. தாய்நாட்டை விட்டு வந்து வாழும் குடும்பங்களில் தமிழ் எப்படி நிலைத்தது என்று பின்னொரு நாள் அறிய விரும்புவோருக்கு இந்தச் செய்திகளே வேண்டியிருக்கும்.

ஆகவே, அடுத்த போட்டியின்போது நம் இளைஞர் ஒருவர் குறிப்பேட்டுடன் அரங்கின் கடைசி வரிசையில் அமரட்டும். இயலுமானால் தாமும் போட்டியில் பெயர் கொடுக்கட்டும். வென்றவரிடமும் தோற்றவரிடமும் பேசி அவர் எழுதும் கட்டுரை, வெற்றிப் பட்டியலுக்கு அடுத்த பக்கத்திலேயே இடம் பெறுவதாக!